டயபரைச் சுருட்டுறதுக்கு முன்னாடி: கேள்வி பதில்

புதுச்சேரி லாஸ்பேட்டையில 14 வருஷமா குழந்தைகள் காப்பகம் நடத்துறேன். பால்வாடி ஆயாம்மாக்கள், காப்பகம் நடத்துறவங்க, பெத்தவங்க கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இது.

முத்தியால்பேட்டை: புதுசா காப்பகம் தொடங்குறேன். டயபர் மாத்துற இடம் எப்படி இருக்கணும்?
சாப்பாட்டு இடத்துக்குத் தள்ளி, குழாய்க்குப் பக்கத்துல. கிழிசல் இல்லாத ரெக்சின் மெத்தை போதும். எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கிட்டுதான் குழந்தையைப் படுக்க வைக்கணும். மேசைன்னா ஒரு கை எப்பவும் குழந்தை மேல இருக்கட்டும், புரள ஒரு நொடி போதும். பெண் குழந்தைக்கு முன்னாலேர்ந்து பின்னாடிதான் துடைக்கணும், இல்லேன்னா மூத்திரத் தாரையில கிருமி ஏறும். தொடை மடிப்பைத் தேய்க்காம ஒத்தி எடுங்க. முடிஞ்சதும் உங்க கை, குழந்தை கை ரெண்டுக்கும் சோப்பு. கையுறை போட்டிருந்தாலும் சோப்பு. ஒவ்வொரு குழந்தைக்கும் அப்புறம் மெத்தையை சோப்புத் தண்ணியில துடைச்சு, பிளீச்சிங் கரைசல்ல ஒரு தடவை துடைங்க. அந்தக் கரைசலோட டாய்லெட் ஆசிட்டைக் கலந்துடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும்.

வில்லியனூர்: பவுடர் போடலாமா?
வேண்டாம். மூச்சுல ஏறும்.

மஞ்சக்குப்பம்: கழட்டின டயபரை என்ன செய்யணும் அக்கா?
முதல்ல கக்காவைக் கழிப்பறையில தட்டுங்க. அப்புறம் உள்பக்கமா சுருட்டி, ஒட்டுப் பட்டையால இறுக்கி, தாள்ல சுத்தி, மூடி போட்ட தனித் தொட்டியில போடுங்க. இறுகச் சுத்தித்தான் கொடுக்கணும்னு திடக்கழிவு விதியிலேயே இருக்கு.
எனக்கு இது விதியால புரியல. ஒருநாள் தூய்மைப் பணியாளர் அக்கா தரம் பிரிக்கப் பையைக் கொட்டினாங்க. திறந்து கிடந்த டயபர் ஒண்ணு அவங்க மணிக்கட்டுல அப்பிக்கிச்சு. கையில உறை இல்ல. ஒண்ணும் பேசாம புடவைத் தலைப்புல துடைச்சுக்கிட்டாங்க. அது எங்க காப்பகத்துப் பை. அன்னையிலேர்ந்து தட்டாத டயபர் எங்க வாசலைத் தாண்டுறதில்ல.

அரியாங்குப்பம்: டாய்லெட்லயே போட்டுத் தண்ணி ஊத்தினா?
கூடவே கூடாது. உள்ள இருக்குற ஜெல் ஊதிப் போய்க் குழாயை அடைச்சிடும்.

நெல்லிக்குப்பம்: நாங்க கொல்லையில எரிச்சிடுறோம்.
ஈர டயபர் எரியாது, புகையும். அந்த பிளாஸ்டிக் புகையை மூச்சுல இழுக்குறது பக்கத்து அறையில தூங்குற பிள்ளைங்க. நிறுத்துங்க.

திருப்பாப்புலியூர்: எங்க காலத்துல பழைய வேட்டித் துணிதான். நாலு பிள்ளையும் புண்ணில்லாம வளர்ந்துச்சு. டயபரே எதுக்கு?
வீட்டுல துணிதான் நல்லதும்மா. காப்பகத்துல 12 பிள்ளைங்க. ஐப்பசி மழையில துணி எங்க காயும்? அரைகுறையா காஞ்சதைக் கட்டினா துணியிலயும் புண் வரும்.

மறுபடி திருப்பாப்புலியூர்: ஆள் போட்டு மாத்தினா ஏன் வரப்போகுது? டயபர்னா மூணு மணி நேரம் திரும்பிப் பார்க்க மாட்டீங்க.
இது நியாயம். நானே பார்த்திருக்கேன், கனத்துத் தொங்குற டயபரோட தவழுற பிள்ளையை. மூச்சா மட்டும்னா 2 மணி நேரத்துக்கு ஒருதடவை, கக்கான்னா உடனே மாத்தணும்.

முதலியார்பேட்டை: அம்மா சொல்றது சரி. விளையாடும்போது துணி, தூங்கும்போது டயபர்னு நாங்க வெச்சிருக்கோம்.
வெயில் காலத்துக்கு இதை நானும் ஒத்துக்கறேன். துணியையும் கழிப்பறையில உதறிட்டுதான் வாளியில போடணும்.

பாகூர்: தடிப்பு வந்திருக்கு, என்ன க்ரீம்?
ரெண்டு மூணு நாள்ல ஆறலேன்னாலோ, மடிப்புக்குள்ள செக்கச்செவேல்னு பரவி ஓரத்துல புள்ளி புள்ளியா இருந்தாலோ பூஞ்சையா இருக்கலாம். க்ரீமை டாக்டர் சொல்லட்டும்.

உழவர்கரை: டயபரை எந்தக் குப்பையில போடுறது?
மறுபடியும் இதே கேள்வி. மஞ்சக்குப்பத்துக்குச் சொன்னதைப் படிங்க. தட்டிட்டுச் சுருட்டுங்க.