கொம்பு வேண்டாம், பார்த்துவிட்டு வாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் என் மாமனாரின் பழைய சிநேகிதர் ஒருவருக்குக் காபி எஸ்டேட் இருக்கிறது. அவருடைய அப்பாவும் தாத்தாவும் வேட்டையாடிப் பாடம் செய்து வைத்த விலங்குகள் பங்களாவின் ஒரு கூடம் நிறைய இருக்கின்றனவாம். காட்டெருமைத் தலைகள், கடமான் கொம்புகள், முழு உருவில் ஒரு சிறுத்தை. "பேரனைக் கூட்டிட்டு வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எட்டாவது படிக்கும் என் மகனுக்கு ஒரே ஆசை. கொன்ற உயிரைச் சுவரில் மாட்டி வைத்ததை வேடிக்கை பார்க்கப் பிள்ளையை அழைத்துப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. போகாவிட்டால் மாமனார் வருத்தப்படுவார். பையனுக்கு ஒரு மான் கொம்பு தருவதாக வேறு அந்தப் பெரியவர் சொல்லியிருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, போய் வாருங்கள். கொம்பை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கொம்பு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தோல், கொம்பு, பல், நகம், பாடம் செய்த உடல் எல்லாமே அடங்கும். முன்னோர் காலத்துப் பொருளை வீட்டில் வைத்திருப்பவர், அதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் உடைமைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பெறாமல் விட்டவர்கள் தாமாக வந்து கணக்குக் காட்ட 2003-இல் 180 நாள் அவகாசமும் கொடுத்தார்கள். சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. பெற்றவருக்குப் பின் வாரிசுக்குப் போகலாம். அப்போதும் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சிநேகிதரின் பேரனுக்கு ஆசையாய்த் தூக்கிக் கொடுக்க இதில் வழியே இல்லை. வாங்கிக்கொண்டு மலையிறங்கும்போது சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அந்த நேரத்தில் கூடத்தில் நின்று மறுத்தால் பெரியவர் முகம் வாடிவிடும். அதனால் மாமனாரையே முன்கூட்டிப் பேசச் சொல்லுங்கள். "கொம்பு உன் வீட்டுலயே இருக்கட்டும்ப்பா, பையன் வந்து பாத்துக்குவான்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழகியவர்களுக்குள் அது பெரிய விஷயமாகாது.

இனி, உங்கள் மனம் ஒப்பாத விஷயம். அது சரியான தயக்கம்தான். என் அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் அப்பா சேர்வராயன் மலையில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவரோடு பங்களாவுக்குப் போனேன். வாசலைத் தாண்டியதும் எதிர்ச்சுவரில் காட்டெருமைத் தலை. அதன் கண்ணாடிக் கண் நான் நகர்ந்த பக்கமெல்லாம் திரும்புவது போலிருந்தது. அப்பாவின் வேட்டியை விடவேயில்லை நான். கூரை ஒழுகி ஒரு காதில் பூஞ்சை பிடித்திருந்ததும் மூக்கோரம் பூச்சி அரித்திருந்ததும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

இருபது வருஷம் கழித்து, ஒரு மாலைப் பொழுதில், காபித் தோட்டத்து ஓரம் பனிமூட்டத்துக்குள்ளிருந்து உயிருள்ள ஒன்று வெளியே வந்தது. தோளிலிருந்து முதுகின் பாதி வரை மேடாக எழும்பிய அந்த உடம்பையும், முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைக் கால்களையும் அன்றுதான் பார்த்தேன். முழுதாய் வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை எடையிருக்கும். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு செடி ஒடியாமல் நடந்தது. அந்த விலங்கு எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது ஒரு தலை மட்டும்தான். உங்கள் மகனுக்குக் கூடத்துக்குள் நுழையும் முன்பே இதைச் சொல்லுங்கள்: சுவரில் மிச்சமிருப்பது இவ்வளவுதான், மீதி உடம்பு இப்படி இருந்தது என்று. எருமை என்று நம் வாயில் பழகிவிட்டாலும் அது மாட்டினம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். தலையைப் பொருத்தியிருக்கும் மரப்பலகையிலோ அதன் பின்புறமோ ஊரும் வருஷமும் எழுதியிருப்பதுண்டு. ஏற்காட்டில் மாட்டியிருப்பதாலேயே ஏற்காட்டில் சுட்டது என்று ஆகிவிடாது. வேட்டைக்காரர்கள் மைசூர், நீலகிரி என்று பல காடுகளுக்குப் போனவர்கள். எந்த விலங்கு எந்த ஊரில் எந்த வருஷம் இருந்தது என்பதற்கு அந்தப் பலகை ஒரு சாட்சி. இந்த மலைச் சரிவுகளில் காபி வந்ததே 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அதற்கு இடம் கொடுத்துத்தான் காடு சுருங்கியது. பெரியவரிடம் உங்கள் மகன் இதையெல்லாம் கேட்கட்டும். உங்கள் அப்பா சிறுவனாக இருந்தபோது எந்தப் பக்கம் காடு இருந்தது? இப்போது அங்கே என்ன இருக்கிறது? வேட்டையன்று தடம் பார்த்து முன்னால் நடந்த மலையூர்க்காரர் யார்? சுட்டவர் பெயர் பலகையில் இருக்கும், முன்னால் நடந்தவர் பெயரைப் பெரியவர்தான் சொல்ல வேண்டும். அவருக்குப் பின் கேட்க ஆளில்லை. நான் போகச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

பாடம் செய்யும் வேலையையும் கவனிக்கச் சொல்லுங்கள். வைக்கோலை அடைத்துத் தைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். மைசூரில் வான் இங்கன் குடும்பம் 1900 வாக்கில் தொடங்கி 1990-களின் கடைசி வரை நடத்திய பட்டறையில், காகிதக்கூழால் விலங்கின் உடலை வார்த்து, அதன்மேல்தான் பதனிட்ட தோலைப் போர்த்தினார்கள். ஆயிரக்கணக்கான புலியும் சிறுத்தையும் அங்கே போயின. அவர்களுடைய முத்திரை அந்தக் கூடத்திலும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கட்டும். அந்தக் கைத்திறனைப் பார்த்து மகன் வியந்தால் தடுக்காதீர்கள். வியந்துகொண்டே வருத்தப்படவும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஆனால் தொட விடாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் தோலின் உட்புறம் ஆர்சனிக் கலந்த பசையைப் பூசுவார்கள். அது பாஷாணம். வருஷம் எத்தனை ஆனாலும் அதன் வீரியம் போகாது. தோல் வெடித்த இடத்தில் தூசியோடு உதிரும். சிறுத்தையின் முதுகைத் தடவிப் பார்க்கத்தான் பையனுக்குக் கை போகும். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் காபியும் பலகாரமும். கைக்குழந்தை இருந்தால் அந்தக் கூடத்துக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

படம் எடுப்பதென்றால் பெரியவரைக் கேட்டு எடுங்கள், ஆனால் வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள். மலையில் தனியாக இருக்கும் வீட்டில் சிறுத்தைத் தோல் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது அவருக்கு ஆபத்து. "இதெல்லாம் என்ன விலை போகும்?" என்று உடன் வருகிறவர்கள் யாரும் கேட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தனக்குப் பின் இவற்றை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவரே பேச்செடுத்தால், சான்றிதழோடு அரசிடம் ஒப்படைக்க வனவிலங்குச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி வைத்திருக்கிறது என்று மாமனார் சொல்லலாம். அதற்குப் பணம் எதுவும் கிடைக்காது.

"ஏம்மா சுட்டாங்க?" என்று மகன் கேட்பான். மழுப்பாதீர்கள். அந்தக் காலத்தில் அதைப் பெருமையாக நினைத்தார்கள், சட்டமும் இடம் கொடுத்தது, இப்போது அது குற்றம், எனக்கு அது பிடிக்கவும் இல்லை என்று உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். பெரியவர் எதிரில் வேண்டாம். காரில் திரும்பும்போது சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். மான் கொம்பு வருஷா வருஷம் விழுந்து மறுபடி முளைப்பது. காட்டெருமையின் கொம்போ பிறந்து முளைத்ததிலிருந்து சாகும்வரை அதே கொம்பு. கூடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருப்பான். பூங்காவில், புதிதாய் முளைத்து மெத்தென்ற தோல் மூடிய கொம்போடு ஒரு மான் நின்றால், அவனுக்குக் காட்டுங்கள்.