இறுகிப்போன கைக்கு மின் அக்குபங்சர் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பத்து வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கால் ஓரளவு தேறி, பிடித்துக்கொண்டு நடக்கிறார். கைதான் மோசம். முழங்கை மடங்கி, விரல்கள் உள்ளே சுருண்டு இறுகுகின்றன. நாம் சொல்வது புரிகிறது, அவருக்குப் பேச வார்த்தை வருவதில்லை. சர்க்கரை உண்டு. க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், பிரஷர் மாத்திரை எடுக்கிறார். மின்சாரம் வைத்து அக்குபங்சர் செய்யும் ஒருவர், 30 சிட்டிங்கில் செத்த மூளைச் செல்களுக்கு மறுபடி உயிர் வந்துவிடும், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்கிறார். பிசியோதெரபியைக் குறைத்துவிட்டு இதற்குப் போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மிக ஆபத்தான வரி மாத்திரையைப் பற்றியது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். க்ளோபிடோக்ரெல், ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கிறது. நிறுத்தினால் ஏழு முதல் பத்து நாளில் புதுத் தட்டுகள் வந்து பழைய ஒட்டும் தன்மை அப்படியே திரும்பிவிடும். இரண்டாவது பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகமாக இருப்பதும் முதலாவது வந்த சில மாதங்களில்தான். ஊசி குத்த வசதி என்ற காரணத்துக்காகக்கூட நிறுத்த வேண்டாம். இந்த மாத்திரையில் இருப்பவருக்கு மெல்லிய அக்குபங்சர் ஊசி குத்தலாம். எடுத்ததும் அந்த இடத்தைப் பஞ்சால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் அப்பாவை அனுப்பாதீர்கள்.

அடுத்து, செத்த செல்கள். அடைப்பு ஏற்பட்டதும் ரத்தம் அறவே கிடைக்காத நடுப்பகுதி நிமிடக் கணக்கில் மடிகிறது. அதைச் சுற்றி, அரைகுறை ரத்தத்தில் தத்தளிக்கும் ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தைக் காப்பாற்றத்தான் நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுகிறார்கள். பொருத்தமான சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட குழாய் விட்டுக் கட்டியை உருவி எடுக்கிறார்கள். பத்து வாரம் கழித்து அந்த வளையமே கிடையாது. பிழைத்தது பிழைத்தது, மடிந்த இடம் நீர் கோத்த குழியாகவும் தழும்பாகவும் மாறியிருக்கும். எந்த மின்சாரமும் அதை எழுப்பாது. இப்போது நடக்கும் தேறுதல் வேறு வகை: மிஞ்சிய நரம்புகள் புதிய இணைப்புகள் போட்டு, போனவற்றின் வேலையைப் பழகிக்கொள்கின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அவை பழகும்.

அப்படியானால் ‘மூளைக் காயத்தை மின் அக்குபங்சர் குறைக்கிறது’ என்ற ஆராய்ச்சிகள் பொய்யா? பொய் அல்ல. பெரும்பாலும் எலிகளில் செய்தவை. எலியின் மூளைக்குப் போகும் நடுத் தமனியை நைலான் இழையால் அடைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் திறந்துவிட்டு, உச்சந்தலையிலோ முழங்காலுக்குக் கீழேயோ ஊசி வைத்து மின்சாரம் கொடுப்பார்கள். காயத்தின் அளவு குறைகிறது, வீக்கமும் அழற்சியும் தணிகின்றன, நரம்பை வளர்க்கும் புரதங்கள் கூடுகின்றன. ஆனால் ஊசி எப்போது வைக்கப்படுகிறது என்று பாருங்கள்: அடைப்பு ஏற்பட்ட சில மணி நேரத்தில், சில ஆய்வுகளில் அடைப்புக்கு முன்பே! எலி மயக்கத்தில் வேறு இருக்கும், சில மயக்க மருந்துகளே மூளையைக் காக்கக்கூடியவை. பத்து வாரமான மனிதருக்கு அந்த முடிவை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.

மனிதர்களில் என்ன தெரிந்திருக்கிறது? பக்கவாதத்துக்குப் பிந்தைய மறுவாழ்வில் அக்குபங்சர் பற்றி 2016-இல் வந்த காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பினுடையது), 2,257 பேர் பங்கேற்ற 31 ஆய்வுகளைப் பார்த்தது. கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆய்வுகளின் தரம் குறைவு, எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. அதே ஆண்டு வந்த அமெரிக்கப் பக்கவாத மறுவாழ்வு வழிகாட்டி, கையின் செயல்பாட்டுக்கும் அன்றாட வேலைகளுக்கும் அக்குபங்சரைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குத் துணைச் சிகிச்சையாக யோசிக்கலாம் என்று இடம் விட்டது. தசை இறுக்கத்தில் மட்டும் மின் அக்குபங்சருக்குக் கொஞ்சம் சாதகமான தரவுகள் உண்டு. பிசியோவோடு சேர்த்துக் கொடுத்தபோது இறுக்கம் சற்றுத் தளர்ந்ததாகப் பல சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஊசி குத்தியிருப்பது நோயாளிக்கும் தெரியும், பல இடங்களில் அளப்பவருக்கும் தெரியும் என்பதால், அந்த ‘சற்று’ எவ்வளவு என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

ஆக, அப்பாவின் கை இறுக்கத்துக்கும், தோள் வலி இருந்தால் அதற்கும், பிசியோவுக்கு முன்னோட்டமாக இதை முயன்று பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிசியோவுக்குப் பதிலாகக் கூடாது. பக்கவாதத்தில் கை கால் அசைவு வேகமாகத் திரும்புவது முதல் மூன்று மாதங்களில். அதில் பாதிக்கு மேல் உங்களுக்குக் கழிந்துவிட்டது. மிச்ச வாரங்களில் தினமும் ஒரு மணி நேரப் பயிற்சியை விட்டுக்கொடுத்து ஊசியோடு படுத்திருப்பது நட்டக் கணக்கு.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் ஊசி, சுமார் 0.25 மி.மீ. கனம், 25 முதல் 40 மி.மீ. நீளம். படுக்க வைத்துத்தான் செய்ய வேண்டும், உட்கார்ந்த நிலையில் சிலருக்கு மயக்கம் வரும். இரண்டு ஊசிகள் ஒரு ஜோடி. இரண்டும் ஒரே கையில் இருக்க வேண்டும். ஒன்று வலது கையிலும் இன்னொன்று இடது கையிலும் என்றால் மின்சாரம் மார்பு வழியே போகும், அது கூடவே கூடாது. கருவியின் குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போது கிளிப்பை மாட்டி, பிறகுதான் மெல்லத் திருக வேண்டும். கழற்றும்போதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே. பல அலறல்களுக்குக் காரணம் முந்தைய நோயாளிக்கு வைத்த அளவிலேயே குமிழை விட்டுவிடுவதுதான்.

அப்பாவுக்கு மடக்கும் தசைகள் இறுகியிருக்கின்றன. ஊசி போக வேண்டியது எதிர்ப்பக்கம், முன்கையின் வெளிப்புறத்தில், விரலையும் மணிக்கட்டையும் நிமிர்த்தும் தசைகளில். முழங்கை மடிப்பின் வெளி ஓரத்துக்கு அருகே ஒன்று, மணிக்கட்டுக்குச் சில விரற்கடை மேலே புறங்கைப் பக்கம் ஒன்று. 2 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு இரண்டு துடிப்பு வைத்து மின்சாரத்தை ஏற்றினால், ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டு மேலே எழும்பி விரல்கள் விரிய வேண்டும். விரல்கள் உள்ளே மடங்கினால் ஊசி ஆழமாகப் போய் மறுபக்கத் தசையைத் தொடுகிறது என்று பொருள். அப்படியே விட்டுவிட்டால் இறுகிய தசைக்கே வேலை கொடுத்ததாகும். மேலே இழுத்து மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் துடிப்பு மங்கும், உடல் பழகிவிடுவதால். சற்றுக் கூட்டலாம், அல்லது 2 ஹெர்ட்ஸும் 100 ஹெர்ட்ஸும் சில நொடிக்கு ஒருமுறை மாறி மாறி வரும்படி வைக்கலாம். இருபது முதல் முப்பது நிமிடம் போதும். ஊசியை எடுத்த கையோடு பயிற்சி தொடங்க வேண்டும். தளர்ந்திருக்கும் அந்த நேரம் பொன்னானது, அதை ஆட்டோவில் வீடு திரும்பும் பயணத்தில் செலவழிக்காதீர்கள்.

அப்பாவின் விஷயத்தில் இரண்டு சிக்கல்கள். அந்தக் கையில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வலித்தாலும் வாய்விட்டுச் சொல்ல வராது. ‘நோயாளி தாங்கும் அளவு’ என்று மின்சாரத்தை ஏற்றும் வழக்கமான முறை இவருக்கு உதவாது. தசை கண்ணுக்குத் தெரியத் துடித்ததும் நிறுத்திவிட வேண்டும். முகச் சுளிப்பைப் பார்க்க வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருங்கள், வேண்டாம் என்றால் இடது கையைத் தூக்கும்படி முன்பே பேசிவையுங்கள். சர்க்கரை இருப்பதால் பாதத்தில் ஊசியைத் தவிர்ப்பது நல்லது, புண் வந்தால் ஆற நாளாகும். தோள் மேட்டில் ஆழமாகக் குத்த விடாதீர்கள், கீழே நுரையீரல் இருக்கிறது.

தலையில் ஊசி வைத்து மின்சாரம் கொடுப்பது தனிக் கதை. மண்டை ஓடு மின்சாரத்துக்குப் பெரிய தடை, அதில் பெரும்பகுதி தோலோடு ஓடிவிடும். பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால் தலையில் மின்சாரமே வேண்டாம். மூளை வீக்கத்துக்காக மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் ஊசியே கூடாது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு, இதய மருத்துவர் சம்மதிக்காமல் உடலில் எங்கும் இந்தக் கருவியை மாட்டக் கூடாது. ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டிய நாளில் சிட்டிங்கைத் தள்ளிப் போடுங்கள். பேச்சுக்கு ஊசியை நம்பி இருக்காமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள். புரிந்துகொள்ளும் திறன் நன்றாக இருப்பது நல்ல அறிகுறி.

30 சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்ட வேண்டாம். 12 சிட்டிங், வாரம் மூன்று அல்லது நான்கு. தொடங்குவதற்கு முந்தைய நாள் மூன்று விஷயங்களை எழுதிவையுங்கள்: முன்கையை மேசையில் வைத்து மணிக்கட்டைத் தானாக எவ்வளவு தூக்குகிறார் என்று பக்கவாட்டில் ஒரு போட்டோ, ஒரு நிமிடத்தில் எத்தனை சிறு மரக்கட்டைகளை ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார், சட்டைக் கையை மாட்ட எவ்வளவு நேரமாகிறது. கடைசி சிட்டிங் முடிந்து இரண்டு நாள் கழித்து, அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். ஊசி எடுத்த உடனே பார்த்தால் எல்லோருக்கும் கை தளர்ந்துதான் இருக்கும்.

பிசியோதெரபிஸ்டிடம் ஒன்று கேளுங்கள்: தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே இதே தசைகளைத் தூண்டும் கருவி அவரிடம் இருக்கிறதா? அதில் துடிப்பு வரும்போதே நோயாளி பொருளைப் பிடித்து விடும் பயிற்சியைச் செய்யலாம். ஊசி குத்திய கையில் அது முடியாது. கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் தேர்ந்தெடுப்பேன்.

12 சிட்டிங்குக்குப் பிறகும் அளவுகள் அசையவில்லை, உள்ளங்கையைக் கழுவக்கூட விரலைப் பிரிக்க முடியவில்லை என்றால், நரம்பியல் மருத்துவரிடமோ மறுவாழ்வு மருத்துவரிடமோ பொட்டுலினம் டாக்ஸின் ஊசி பற்றிக் கேளுங்கள். இறுகிய தசையைத் தளர்த்த அதில் நேரடியாகப் போடுவது, சுமார் மூன்று மாதம் தாங்கும். அந்த மூன்று மாதமும் கையை நீட்டி வைக்கும் பட்டையும் பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும்.