டைல்ஸ்ல படிஞ்ச வெள்ளைக் கறைக்கு ஆசிட் தான் வழியா?

கேள்வி: அக்கா, நாங்க மடிப்பாக்கத்துல வாடகை வீட்ல இருக்கோம், போர் தண்ணி தான். பாத்ரூம் டைல்ஸ், குழாய் எல்லாம் வெள்ளை வெள்ளையா படிஞ்சு கிடக்கு. போன வாரம் ஆசிட் ஊத்தியும் போகலன்னு அது மேலயே ப்ளீச்சிங் பவுடரையும் போட்டேன், உடனே தொண்டை எரிஞ்சு இருமல் புடிச்சுக்கிச்சு, வெளிய ஓடி வந்துட்டேன். வீட்ல தவழுற 9 மாச பாப்பா வேற இருக்கா. கெமிக்கல் இல்லாம எப்படிக்கா சுத்தம் பண்றது?

பதில்: நல்லவேளை உடனே வெளிய வந்தீங்கம்மா, படிக்கும்போதே எனக்கு பதறிடுச்சு. ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், சின்ன பாத்ரூம்ல அது நுரையீரலையே பதம் பாத்துடும். எலுமிச்சை, வினிகர் கூட புளிப்பு தான், அதையும் ப்ளீச்சிங் பவுடரோட சேர்க்காதீங்க. இருமலோ மூச்சு வாங்குறதோ இன்னும் இருந்தா டாக்டர பாத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க.

இப்ப கறைக்கு வருவோம். அது அழுக்கே இல்ல, தண்ணில இருக்க சுண்ணாம்பு. தண்ணி காஞ்சு போயிடும், சுண்ணாம்பு மட்டும் அங்கயே ஒட்டிக்கும், சோப்பு போட்டு எவ்ளோ தேய்ச்சாலும் அசையாது, புளிப்பு பட்டா தான் கரையும். பழைய காட்டன் துணிய வினிகர்ல நனைச்சு குழாய சுத்தி கட்டி விடுங்க, 15, 20 நிமிஷம் கழிச்சு எடுத்து பழைய டூத் பிரஷால தேய்ச்சா வெள்ளை பொடிப்பொடியா உதிர்ந்து வரும். ரொம்ப நேரம் விட்டா குழாயோட பளபளப்பு போயிடும், அதனால உடனே நல்லா கழுவிடுங்க. டைல்ஸுக்கு குழம்புக்கு கரைச்சுட்டு தூக்கிப் போடுற புளி சக்கையே போதும், கொஞ்சம் கல் உப்பு சேர்த்து தேய்ங்க. வருஷக்கணக்கா படிஞ்சது ஒரே நாள்ல போகாது, வாரம் ஒரு தடவைன்னு ஒரு மாசம் பண்ணுங்க. எல்லாத்தையும் விட முக்கியம், கடைசியா குளிக்கிறவங்க வைப்பரால தண்ணிய இழுத்து விட்டுட்டு வரணும், தண்ணி நிக்கலன்னா சுண்ணாம்பு படிய வழியே இல்ல.

ஆனா தரை மார்பிளோ கடப்பா கல்லோ இருந்தா புளி, வினிகர் பக்கமே போகாதீங்க, அந்த கல்லே சுண்ணாம்பு வகை தான், அரிச்சு மங்கிடும். பாப்பா தவழுற இடத்துக்கு பூந்திக்கொட்டை தண்ணி போதும். பத்து கொட்டைய விதை எடுத்துட்டு ஒரு லிட்டர் தண்ணில ராத்திரி ஊற வச்சு, காலைல கொதிக்க வச்சு பிசைஞ்சு வடிகட்டிக்கோங்க, கையில எடுத்து கலக்கினா சோப்பு மாதிரியே நுரைக்கும். அரை பக்கெட்டுக்கு ஒரு டம்ளர் ஊத்தி துடைச்சுட்டு, வெறும் தண்ணில இன்னொரு தடவை துடைங்க, பாப்பா கைய வாயில வைப்பால்ல. மிச்சத்த பிரிட்ஜ்ல வைங்க, ஒரு வாரத்துக்குள்ள தீர்த்துடுங்க. வீட்ல யாருக்காவது வயித்துப்போக்குன்னா மட்டும் இதெல்லாம் பத்தாது, டாய்லெட்டுக்கு ப்ளீச்சிங் பவுடர தண்ணில கரைச்சு தனியா போடுங்க, ஜன்னல தொறந்து வச்சுக்கோங்க.

கேள்வி: வீடியோல பாத்து பேக்கிங் சோடாவும் வினிகரும் கலந்து எக்ஸாஸ்ட் ஃபேன்ல போட்டேன், நல்லா பொங்குச்சு, ஆனா எண்ணெய் பிசுக்கு அப்படியே இருக்கே?

பதில்: அது ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும்மா, நுரை அடங்கினப்புறம் மிஞ்சுறது கிட்டத்தட்ட உப்புத்தண்ணி தான். எண்ணெய் பிசுக்குக்கு சலவை சோடா தான் சரி, அரை பக்கெட் சுடுதண்ணில ரெண்டு ஸ்பூன் போட்டு கழட்டின பாகங்கள அரை மணி நேரம் ஊற விடுங்க, கைக்கு கிளவுஸ் மாட்டிக்கோங்க. அலுமினியமா இருந்தா சலவை சோடா வேண்டாம், கறுத்துடும், அதுக்கு சுடுதண்ணியும் சீயக்காயும் போதும். மோட்டார்ல தண்ணி படக்கூடாது, பிளக்க புடுங்கிட்டு தான் ஃபேன்ல கையே வைக்கணும்.

கேள்வி: வாங்கின ஆசிட் பாதி மிச்சம் இருக்கு, கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி பாத்ரூம்ல வச்சிருக்கேன், பரவாயில்லையா?

பதில்: இல்லம்மா, இன்னைக்கே அத அங்கருந்து எடுத்துடுங்க. எங்க தெருவுல ஒரு பையன் தண்ணின்னு நினைச்சு அப்படி ஒரு பாட்டில வாய் வரைக்கும் கொண்டு போயிட்டான், பாட்டி பாத்து தட்டி விட்டதால தப்பிச்சான். ஆசிட் எப்பவும் அது வந்த பாட்டில்லயே, லேபிளோட, பூட்டுற அலமாரில மேல் தட்டுல தான் இருக்கணும்.