முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகளைப் பொறியியலில் சேர்க்க, தரகர் சொன்ன கல்லூரிக்கு நாளைக்குள் முன்பணம் கட்டவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். உங்கள் கடிதத்தில் இந்த ஒரு வரியைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தி. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பில் அவளைப் போன்றவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை கிடையாது. தரகர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவளுக்கு உண்டு.

600-க்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கலங்கவேண்டாம். அரசு நடத்தும் சேர்க்கைக் கலந்தாய்வில் பார்ப்பது கட்-ஆஃப், அதாவது கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை வைத்து 200-க்குப் போடும் கணக்கு மட்டுமே. உங்கள் மகளுக்குக் கணிதம் 88 அப்படியே, இயற்பியல் 79-இல் பாதி 39.5, வேதியியல் 84-இல் பாதி 42. ஆக, 200-க்கு 169.5.

அடுத்தது, கலந்தாய்வுக்காகக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியல். பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் பட்டியலைக் கொண்டுவந்தாள். அவள் உயிராய் விரும்பிய கல்லூரி ஆறாவது இடத்தில் இருந்தது. "முதலில் போட்டுக் கிடைக்காமல் போனால் மற்றதும் பறிபோய்விடும் என்று மாமா சொன்னார்" என்றாள். அப்படி எதுவும் பறிபோகாது. தரவரிசைப்படி அவள் முறை வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வரும். காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். அதற்கு மேலே இருந்த ஐந்தில் ஒன்று காலியாக இருந்திருந்தால் ஆறாவது கல்லூரியை அது எட்டிப் பார்த்தே இருக்காது. அன்றே அதை முதலிடத்துக்கு மாற்றினோம். ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்று யோசிக்காமல், ஆசை எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். எத்தனை கல்லூரிகள் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல இருப்பதால் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள்.

பட்டியலில் மேலே வரும் மூன்று நான்கு கல்லூரிகளுக்காவது மகளை அழைத்துக்கொண்டு நேரில் போய்வாருங்கள். வாசலில் பெரிதாக எழுதியிருக்கும் 'நாக்' (கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரம் முழுக் கல்லூரிக்கும் உரியது. அவள் சேரப்போகும் பிரிவுக்கு, ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியே மதிப்பிடும் தேசிய வாரியமான என்.பி.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலைவாய்ப்பு எப்படி என்பதை அலுவலகத்தில் கேட்பதைவிட இறுதியாண்டு மாணவிகளிடம் கேட்பது மேல். விடுதியில் தண்ணீரும் சாப்பாடும் எப்படி என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எந்தப் பிரிவு என்பதில் மட்டும் உறவினர்கள் பேச்சைக் கேட்டு முடிவெடுக்கவேண்டாம். நான்கு வருடம் உட்கார்ந்து படிக்கப்போகிறவள் அவள்.

பட்டியலை இனி மாற்றமுடியாதபடி உறுதிசெய்து பூட்டுவதற்கு முதல் நாள் எனக்கு அனுப்புங்கள். வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.