ஆங்கிலத்தில் எழுவாய் ஒருமையா பன்மையா என்று குழம்பாமல் வினைச்சொல்லைச் சரியாகப் போடுவது எப்படி?

'ஹீ கோஸ், தே கோ' வரை தெரிகிறது, வாக்கியம் நீண்டால் இஸ்ஸா ஆரா, ஹேஸா ஹேவா என்று தடுமாறுகிறேன் என்கிறீர்கள். விதி தெரியாததால் இந்தத் தடுமாற்றம் வருவதில்லை. எழுவாயை எங்கே தேடுவது என்பதில்தான் பிழை நேர்கிறது.

அடிப்படையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமைக்கு மட்டும் வினையோடு எஸ் சேரும்: ஹீ ரைட்ஸ், ஷீ ரைட்ஸ், இட் வொர்க்ஸ். ஐ, யூ, வீ, தே நான்குக்கும் எஸ் கிடையாது. இறந்தகாலத்தில் எல்லாருக்கும் ஒரே வடிவம்தான். வாஸ், வேர் மட்டும் விலக்கு. கேன், வில், மஸ்ட் போன்ற துணைவினை வந்தால் எஸ் எங்குமே வராது. கேள்வியில் 'டஸ்' வந்துவிட்டால் எஸ் அதிலேயே அடங்கிவிடும்: 'டஸ் ஹீ ரைட்ஸ்' தவறு, 'டஸ் ஹீ ரைட்' சரி.

தமிழில் மரியாதைக்காக ஒருவரையே 'வந்தார்', 'வந்தாங்க' என்கிறோம். ஆங்கில வினைக்கு இந்த மரியாதைப் பன்மை கிடையாது. எவ்வளவு பெரியவரானாலும் ஒருவர் என்றால் இஸ், ஹேஸ்தான். இன்னொரு பழக்கம், 'பறவைகள் வந்தது' என்று அஃறிணைப் பன்மைக்கு ஒருமை முடிவு போட்டுப் பேசுவது. 'தி பேர்ட்ஸ் இஸ்' என்ற பிழை வந்து விழ அதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். 'புத்தகங்களின் பட்டியல் தயாராக இருக்கிறது' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். தமிழில் அடைமொழி எல்லாம் முன்னே வந்து, தலைமைச் சொல்லான 'பட்டியல்' அவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் இது அப்படியே தலைகீழ்: 'தி லிஸ்ட் ஆஃப் புக்ஸ் இஸ் ரெடி.' தலைமைச் சொல் 'லிஸ்ட்' முதலிலேயே வந்துவிடுகிறது. வினைக்கு ஒட்டி நிற்பது 'புக்ஸ்'. வினைக்கு அருகில் உள்ள பெயரையே எழுவாயாக எடுத்துப் பழகிய மனம் 'ஆர்' என்று எழுத வைக்கிறது. நீண்ட வாக்கியங்களில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால்தான்.

அதனால் வினைச்சொல்லில் கைவைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஆஃப், இன், வித், ஃபார், ஃப்ரம் என்று தொடங்கும் தொடரைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் அடைத்துவிடுங்கள். ஹூ, விச், தட் என்று தொடங்கி நடுவில் வரும் துணைவாக்கியத்தையும் அடையுங்கள். 'தி பாய் ஹூ புரோக் தி விண்டோஸ் இஸ் ஹியர்' என்பதில் அடைத்தபின் மிஞ்சுவது 'தி பாய் இஸ் ஹியர்'. மிஞ்சிய பெயருக்குப் பதிலாக இட், ஹீ, ஷீ பொருந்தினால் ஒருமை. தே பொருந்தினால் பன்மை. 'அஸ் வெல் அஸ்', 'அலாங் வித்', 'டுகெதர் வித்' இவற்றையும் அடைத்துவிடலாம், இவை எழுவாயின் எண்ணைக் கூட்டாது. 'தி டீச்சர், அலாங் வித் த்ரீ ஸ்டூடன்ட்ஸ், இஸ் வெயிட்டிங்' என்பதே சரி. 'ஆண்ட்' வந்து இருவரைச் சேர்த்தால்தான் பன்மை.

இந்த அடைக்கும் முறை உதவாத இடமும் உண்டு. 'மோஸ்ட் ஆஃப்', 'சம் ஆஃப்', 'ஆல் ஆஃப்', 'ஹாஃப் ஆஃப்' வந்தால் ஆஃபுக்குப் பின்னால் உள்ள பெயர்தான் முடிவு செய்யும்: 'மோஸ்ட் ஆஃப் தி வாட்டர் இஸ்', 'மோஸ்ட் ஆஃப் தி புக்ஸ் ஆர்'. 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ்' என்றால் எண்ணிக்கையைச் சொல்கிறோம், ஒருமை. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்' என்றால் பல மாணவர்கள் என்று பொருள், பன்மை. ஒரே ஒரு சின்னச் சொல் மாறியதில் வினையே மாறிவிடுகிறது, கவனம்.

அதிகம் தவறுவது 'ஒன் ஆஃப்'. அதன் பின் வரும் பெயர் பன்மையாகவும், வினை ஒருமையாகவும் இருக்க வேண்டும்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்.' 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பது தவறு. ஆனால் 'ஷீ இஸ் ஒன் ஆஃப் தி டாக்டர்ஸ் ஹூ வொர்க் ஹியர்' என்னும்போது 'வொர்க்' பன்மை. இங்கே வேலை செய்வது அந்த டாக்டர்கள் எல்லாரும். 'ஹூ' சுட்டுவது அவர்களைத்தான்.

தமிழில் 'எல்லாரும்' பன்மை என்பதால் 'எவ்ரிபடி ஆர்' என்று எழுதத் தோன்றும். ஈச், எவ்ரி, எவ்ரிபடி, நோபடி எல்லாமே ஒருமை. 'ஐதர்... ஆர் (or)', 'நைதர்... நார்' வந்தால் வினைக்கு அருகில் உள்ள பெயரைப் பாருங்கள்: 'நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் ஆர் ரெடி.' 'தேர்' (there) என்று வாக்கியம் தொடங்கினால் எழுவாய் வினைக்குப் பின்னால் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இஸ் அல்லது ஆர் போடுங்கள்.

சில சொற்களை மனப்பாடம் செய்வதே வழி. நியூஸ், மேத்தமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ் எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை. இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ் இவற்றுக்குப் பன்மை வடிவமே இல்லை, வினையும் ஒருமைதான். பீப்பிள், போலீஸ், கேட்டில் பன்மை. சிஸர்ஸ், ட்ரவுசர்ஸ் ஒரு பொருளானாலும் பன்மை. முன்னால் 'எ பேர் ஆஃப்' சேர்த்தால் ஒருமையாகிவிடும். ஒரே அளவாகக் கருதும் காலமும் தொகையும் ஒருமை: 'டென் இயர்ஸ் இஸ் எ லாங் டைம்.'

டீம், கமிட்டி, ஃபேமிலி போன்ற கூட்டுப்பெயர்களுக்கு அமெரிக்க வழக்கு பெரும்பாலும் ஒருமை. பிரிட்டிஷ் வழக்கில் குழுவை ஒன்றாகக் கருதினால் ஒருமை, உறுப்பினர்களாகக் கருதினால் பன்மை. எதை எடுத்தாலும் சரி, ஒரே கட்டுரையில் ஓரிடத்தில் 'தி டீம் இஸ்', இன்னோரிடத்தில் 'தி டீம் ஆர்' என்று மாற்றி மாற்றி எழுதாதீர்கள்.