பழைய சர்வரைத் தொடப் பயப்படுபவர்களுக்கு: கேள்வி பதில்

சம்பளம் எதுவும் இல்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு தளத்தின் சர்வரைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு முறை மொத்தமாக இடம் மாற்றியாயிற்று, முதல் முறை தப்பும் தவறுமாக, அடுத்த முறை கொஞ்சம் உருப்படியாக. லினக்ஸ், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் பக்கம் எதுவானாலும் கேளுங்கள். விண்டோஸ் சர்வர் எனக்குத் தெரியாது.

பழையபெட்டி: சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ், பிஎச்பி 5.6, மரியாடிபி 5.5 (மைஎஸ்க்யூஎல்லின் கிளை). 2015இல் அமைத்துக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. தளம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் எதைத் தொட்டால் எது விழும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: எதையும் தொடாமல் ஆரம்பியுங்கள். பிஎச்பி 5.6க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன, சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30ஆம் தேதியோடு. மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் ஓடுகிற பெட்டியிலேயே ஏறி உட்கார்ந்து அப்டேட் போடாதீர்கள். பக்கத்தில் புதிதாக ஒரு சர்வர் எடுங்கள், டெபியனோ உபுண்டு எல்டிஎஸ்ஸோ (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு), உங்களில் யாருக்கு எது பழக்கமோ அது. பழையது பழையபடி ஓடட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, பழைய சர்வரில் என்னென்ன நடக்கிறது என்று எழுதுங்கள். கிரானில் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) என்ன ஓடுகிறது, மின்னஞ்சல் எந்த வழியாகப் போகிறது, எந்த கான்ஃபிக் ஃபைலில் யார் கை வைத்திருக்கிறார்கள், எந்த ஃபோல்டர் எந்த டிஸ்க்கில் இருக்கிறது. இதில் கிரான் ரொம்ப முக்கியம். எங்கள் பழைய சர்வரில் அதிகாலை 3:10க்கு ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது, தற்காலிக ஃபைல்களை அழிக்கும் வேலை. யாரோ எப்போதோ போட்டது. முதல் இடமாற்றத்தில் அதை நாங்கள் கவனிக்கவில்லை. மூன்று வாரம் எல்லாம் நன்றாக ஓடியது, அப்புறம் ஒரு நாள் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுபோனது. காரணத்தைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது.

பிஎச்பியை ஒரே தாவலில் 8க்குக் கொண்டுபோகாதீர்கள். சோதனைச் சர்வரில் முதலில் 7.4 போட்டு, வரும் எச்சரிக்கைகளையெல்லாம் சரிசெய்துவிட்டு 8க்குப் போங்கள். 7.4இன் ஆயுளும் 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, அது படிக்கட்டு மட்டும்தான், அங்கேயே குடித்தனம் நடத்தக் கூடாது. mysql_ என்று பெயர் தொடங்கும் பழைய ஃபங்ஷன்கள் (mysqli_ அல்ல) 7.0இலேயே நீக்கப்பட்டவை, அவை வரும் இடமெல்லாம் உடனே வெடிக்கும், கண்டுபிடிப்பது சுலபம். சத்தமில்லாமல் மாறியதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 0 என்ற எண்ணையும் எண் அல்லாத ஒரு சொல்லையும் இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால், பழைய பிஎச்பி சமம் என்று சொல்லும், 8 சமமில்லை என்று சொல்லும். எர்ரர் வராது. யாருக்கு என்ன அனுமதி என்று தீர்மானிக்கும் இடத்தில் அப்படி ஒரு ஒப்பீடு இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் பேக்கப்பைப் புது சர்வரில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, ரீஸ்டோர். முடிவை இங்கே வந்து சொல்லுங்கள்.

நிம்மதியானவன்: ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் பேக்கப் எடுக்கிறது. ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் வைக்கும் ரெய்டு 1 வேறு இருக்கிறது. எனக்குப் போதும்தானே?

பதில்: போதாது. ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நீங்கள் தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழித்துக் கொடுக்கும். பேக்கப் அதே கட்டடத்தில் இருந்தால் அதுவும் நிச்சயமில்லை. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் டேட்டா சென்டர் எரிந்தபோது, சர்வரையும் பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயின.

கிட்லேப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தின் கதை தெரியுமா? 2017 ஜனவரி 31. ராத்திரி வேலையில் களைத்துப்போன ஒருவர் துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். கைவசம் ஐந்து விதமான பேக்கப், நகல் ஏற்பாடுகள் இருந்தன, தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு பொருந்தாமல் அது தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றது என்று எச்சரிக்கும் மின்னஞ்சலும் டிமார்க் (போலி மின்னஞ்சலைத் தடுக்கும் முறை) சரியாக அமைக்காததால் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. சம்பளம் வாங்கும் ஆட்கள் உள்ள இடத்திலேயே இந்தக் கதி. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக ஒருவர் எடுத்திருந்த நகல் காப்பாற்றியது. அப்படி ஒரு அதிர்ஷ்டத்தை நம்பி நாம் இருக்க முடியாது.

ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா?

கட்டம்கட்டமாய்: சோதனைச் சர்வரில் டேட்டாபேஸை ஏற்றிவிட்டேன். ஆங்கிலம் சரியாக வருகிறது, தமிழ் மட்டும் தலையில் கொம்பு வைத்த எழுத்துகளாக வருகிறது. பழைய சர்வரில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது!

பதில்: சரியாக இல்லை, சரியாகத் தெரிந்தது. உங்கள் பழைய டேபிள் தன்னை லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியேற்றம்) என்று சொல்லிக்கொள்கிறது, உள்ளே இருப்பதோ யுடிஎஃப்8 (எல்லா மொழிகளுக்குமான குறியேற்றம்) பைட்டுகள். பழைய நிரலும் டேட்டாபேஸோடு லத்தீன்1 என்று சொல்லித்தான் பேசியது. இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் பைட்டுகள் மாறாமல் போய் வந்தன. புது சர்வரில் இணைப்பு உண்மையைச் சொல்கிறது, டேட்டாபேஸ் பழைய பொய்யை நம்பி ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக மாற்றிக் கொடுக்கிறது.

சோதிக்க ஒரு சுலபமான வழி: ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் உள்ள ஒரு வரிசையை எடுத்து, பழைய டேட்டாபேஸிடமே அதில் எத்தனை எழுத்து என்று கேளுங்கள். யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. தமிழில் ஒவ்வொன்றும் மூன்று பைட். டேட்டாபேஸ் 5 என்று சொன்னால் அது உண்மையிலேயே யுடிஎஃப்8 டேபிள், 15 என்று சொன்னால் நான் சொன்ன நோய்தான்.

மருந்து: டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு ஃபைலாக) எடுக்கும்போது இணைப்பை லத்தீன்1 என்றே சொல்லி எடுங்கள், பைட்டுகள் அப்படியே வெளியே வரும். அந்த ஃபைலில் லத்தீன்1 என்று அறிவிக்கும் வரிகளை யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றிப் புதியதில் ஏற்றுங்கள். வெறும் யுடிஎஃப்8 என்று போடாதீர்கள், மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயருக்கு மூன்று பைட் வரைதான் பொருள். தமிழ் தாங்கும், யாராவது ஒரு ஸ்மைலி போட்டால் தாங்காது. ஏற்றும்போது இண்டெக்ஸ் நீளம் 767 பைட்டைத் தாண்டுகிறது என்று கத்தினால் டேபிளில் பழைய வரிசை வடிவம் (row format) ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், 255 எழுத்து நீளமுள்ள நெடுவரிசையை நான்கால் பெருக்கினால் 1020. டேபிளை டைனமிக் வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். அது முடியாத இடத்தில் 191 எழுத்தாகக் குறையுங்கள்.

ஒன்று மட்டும். கொம்பு எழுத்துகளோடு தளத்தைத் திறந்துவிட்டு, ஆட்கள் அதன் மேல் புதிதாக எழுத ஆரம்பித்துவிட்டால் பாதி ஒரு மாதிரி, பாதி வேறு மாதிரி கலந்துவிடும். அதைப் பிரிப்பது நரகம். முதல் இடமாற்றத்தில் நான் செய்தது அதைத்தான்.

ஜிப்புமணி: நான் வாரத்துக்கு ஒரு ஜிப் எடுத்து கூகுள் டிரைவில் வைக்கிறேன். இது போதுமா?

பதில்: ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா?

மேகக்காரன்: இந்தக் காலத்தில் ஒற்றை சர்வரா? கண்டெய்னரில் (நிரலைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொட்டலம்) போட்டு, பல சர்வர்களில் அவற்றை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் மேல் ஓட்டினால் ஒரு பெட்டி விழுந்தாலும் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் 2010இலேயே நிற்கிறீர்கள்.

பதில்: குபர்நெட்டிஸ் வருடத்துக்கு மூன்று பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 14 மாதம். டெபியன் ஒரு பதிப்பை எல்டிஎஸ்ஸோடு சேர்த்து ஐந்து வருடம் தாங்கும். தன்னார்வலர் என்றால் யார்? போன மாதம் பரீட்சை, இந்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல், அடுத்த மாதம் வேலை மாற்றம். அவரிடம் வருடா வருடம் கிளஸ்டரை உயர்த்து என்று சொல்கிறீர்கள். எங்கள் தளம் ஒரு மணி நேரம் கிடையாகக் கிடந்தால் நாலு பேர் திட்டுவார்கள், அவ்வளவுதான்.

மேகக்காரன்: சரி, குபர்நெட்டிஸை விடுங்கள். உங்கள் சர்வரை எப்படி அமைத்தீர்கள் என்பது எங்கே எழுதியிருக்கிறது? உங்கள் தலையில்தானே? என்னுடையது ஃபைலில் இருக்கிறது. நான் நாளைக்கே விலகினாலும் அடுத்தவர் ஒரே கட்டளையில் எழுப்பிவிடுவார். மேலே ‘அமைத்தவர் தொடர்பில் இல்லை’ என்று அழுபவரின் வியாதியே இதுதான்.

பதில்: இது சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ளவும் செய்கிறேன்: சர்வர் பழசானது பிரச்சினையே அல்ல, ஒரே ஆளின் தலைக்குள் அது இருப்பதுதான் பிரச்சினை. என் இரண்டாம் இடமாற்றம் உருப்பட்டதே, ஒவ்வொரு படியையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) போட்டு, இன்னொருவரை அதை ஓட்டச் சொல்லிப் பார்த்ததால்தான். அவர் ஓட்டும்போது பதினோரு இடத்தில் நின்றது. பதினோரு இடமும் நான் ‘இது எல்லாருக்கும் தெரியும்’ என்று விட்டவை. ஆனால் அதற்குக் கிளஸ்டர் வேண்டாம். ஆன்சிபிள் (சர்வரைத் தானாக அமைக்கும் கருவி) போதும், வெறும் ஷெல் ஸ்கிரிப்டே போதும்.

நடுவில்வந்தவர்: அப்படியானால் டாக்கர் கம்போஸ் (கண்டெய்னர்களை ஒரு ஃபைலில் எழுதி ஒரே பெட்டியில் ஓட்டும் கருவி)? இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிடலாமே.

பதில்: ஆகலாம், நானும் சிலவற்றுக்கு வைத்திருக்கிறேன். ஒரே எச்சரிக்கை. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டு எல்லாக் கதவையும் அடைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பீர்கள், டாக்கரில் வெளியே திறந்துவிட்ட போர்ட் அந்த விதிகளைச் சுற்றிக்கொண்டு நேராக உலகத்துக்குத் திறக்கும். டேட்டாபேஸ் போர்ட்டை அப்படித் திறந்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 127.0.0.1இல், அதாவது அந்த சர்வருக்குள் மட்டும் தெரியும்படி, கட்டுங்கள்.

மேகக்காரன்: யுஎஃப்டபிள்யூவை நம்பினால் அப்படித்தான். ஹோஸ்டிங் பக்கத்து ஃபயர்வாலில் அடையுங்கள்.

பதில்: அதுவும் சரி. போதும், வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

தபால்காரி: புது சர்வரிலிருந்து பாஸ்வேர்டு மாற்றும் மின்னஞ்சல் யாருக்கும் போய்ச் சேரவில்லை. பழையதில் போனது.

பதில்: முதலில் 25ஆம் போர்ட் வெளியே திறந்திருக்கிறதா பாருங்கள், நிறைய கிளவுட் நிறுவனங்கள் அதை அடைத்தே கொடுக்கின்றன. திறந்திருந்தாலும் புது ஐபிக்கு நற்பெயர் கிடையாது, போதாததற்கு அதை முன்பு வைத்திருந்தவர் குப்பை அனுப்பியிருக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இறுக்கிவிட்டன, அனுப்புவது நீங்கள்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் அமையுங்கள், ஐபிக்குத் தலைகீழ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) வையுங்கள். என்னைக் கேட்டால் மின்னஞ்சலைச் சொந்தமாக அனுப்பவே வேண்டாம், ஒரு ரிலே சேவையிடம் கொடுத்துவிடுங்கள். நான் ஏழு வருடம் பிடிவாதமாகச் சொந்தமாக அனுப்பிவிட்டுச் சொல்கிறேன்.

அவசரம்: தளம் நிற்காமல் மாற்ற முடியுமா?

பதில்: கிட்டத்தட்ட முடியும். இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்றவர்கள் எத்தனை நொடி நினைவில் வைப்பார்கள் என்ற எண்) 86400இலிருந்து 300 ஆகக் குறையுங்கள். மாற்றும் நேரத்தில் பழையதைப் படிக்க மட்டும் விட்டு, எழுதுவதை நிறுத்துங்கள். இரண்டு இடத்திலும் எழுத விட்டால் அப்புறம் சேர்க்க முடியாது.

பூட்டு: எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்தது, லெட்ஸ் என்க்ரிப்டிலிருந்து எச்சரிக்கையே வரவில்லை.

பதில்: வராது, 2025 ஜூனில் அந்த மின்னஞ்சலையே நிறுத்திவிட்டார்கள். தானாகப் புதுப்பிக்க வைத்துவிட்டு, தேதியைத் தனியாகக் கண்காணியுங்கள்.

முகமூடி: ஒன்றையும் மாற்றாமல் முன்னால் கிளவுட்ஃப்ளேர் என்ற பாதுகாப்புச் சேவையைப் போட்டுவிட்டால்?

பதில்: ஓட்டைப் பானைக்கு நல்ல மூடி.

ஆப்பு: ஆண்ட்ராய்டு ஆப்பில் நோட்டிஃபிகேஷன் வருவதில்லை.

பதில்: என் ஏரியா இல்லை. ஆப் எழுதுபவரைக் கேளுங்கள்.

வாரிசு: டொமைன் பழைய நிர்வாகியின் சொந்தப் பெயரில் இருக்கிறது, அவர் நல்லவர்தான், கேட்டால் தருவார். சர்வர் வேலை முடிந்ததும் கேட்கலாமா?

பதில்: இன்றைக்கே கேளுங்கள், சர்வர் காத்திருக்கும். சர்வர் போனால் பேக்கப்பிலிருந்து எழுப்பலாம், டொமைன் போனால் எழுப்ப ஒன்றுமில்லை. நல்லவர்களும் மின்னஞ்சல் முகவரியை மாற்றுவார்கள், கார்டு காலாவதியாகும். பதிவில் இரண்டு பேர் பார்க்கும் முகவரி கொடுங்கள். அந்த முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது, டொமைன் நின்றால் ‘புதுப்பிக்கவும்’ என்ற கடிதமும் சேர்ந்து நின்றுவிடும்.

தினசரி: தினமும் பேக்கப் எடுத்தால் போதுமா, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கணுமா?

பதில்: இதோடு மூன்றாவது பேக்கப் கேள்வி. நிமிஷத்துக்கு ஒருமுறை எடுங்கள், எனக்கென்ன. ரீஸ்டோர் செய்து பார்க்காதவர்களுக்கு இனிமேல் பதில் கிடையாது.

பழையபெட்டி: நான் செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடி புது சர்வரில் பேக்கப்பை விரித்தேன். டேட்டாபேஸ் சரியாக வந்தது, பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் படங்கள் ஒன்றுகூட இல்லை. படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஃபோல்டருக்குப் பதில் எங்கேயோ சுட்டும் ஒரு லிங்க் மட்டும் இருக்கிறது. பேக்கப் ஃபைலில் தேடினேன், அதிலும் இவ்வளவுதான்.

பதில்: யாரோ எப்போதோ இடம் போதாமல் படங்களை இரண்டாவது டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் சிம்லிங்க் வைத்திருக்கிறார்கள். டார் (ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் பேக்கப் கருவி) அப்படியே விட்டால் லிங்க்கை லிங்க்காகத்தான் எடுக்கும், அது சுட்டும் இடத்துக்குள் போகாது. ஆக இத்தனை நாளாகப் படங்களுக்கு பேக்கப்பே இல்லை, உலகத்தில் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன.

பிஎச்பி, சென்ட்ஓஎஸ் எல்லாம் அப்புறம். அந்த லிங்க் எங்கே போகிறது என்று பாருங்கள், டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள், ரீபூட் செய்யாதீர்கள், இப்போதே ஆர்சிங்க் போட்டு வேறு இடத்துக்கு நகல் எடுக்க ஆரம்பியுங்கள். எத்தனை ஜிபி என்று மட்டும் சொல்லுங்கள், முடியும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.