பேச்சாளருக்கு எத்தனை நிமிடம்?

கேள்வி: எங்கள் ரோட்டரி சங்கத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிப் பேச ஒருவரை அழைக்கிறோம். போன முறை சிறப்பு விருந்தினர் பேசி முடிப்பதற்குள் பாதி அரங்கம் காலி. இம்முறை எப்படித் திட்டமிடலாம்? - வாசகர், கும்பகோணம்

பதில்: கோளாறு பெரும்பாலும் நேரப் பங்கீட்டில்தான். ஒரு மணி நேரக் கூட்டத்தில் வரவேற்பு, செயலாளர் அறிக்கை, பிறந்தநாள் வாழ்த்து, பொன்னாடை என்றே 40 நிமிடம் ஓடிவிடும். அத்தனையையும் 15 நிமிடத்தில் முடியுங்கள். உரைக்கு 20, கேள்விகளுக்கு 20, நன்றியுரைக்கு 5 போதும். கேள்வி நேரத்தை மட்டும் வெட்டாதீர்கள். உறுப்பினர்கள் வருவதே அதற்காகத்தான். அறிமுகக் குறிப்பை முன்கூட்டியே பேச்சாளரிடம் காட்டிவிடுங்கள், பெயரும் பதவியும் பிழையாவது அங்கேதான்.

அழைப்பிலேயே தலைப்பைக் குறுக்குங்கள். ‘2005-ஆம் ஆண்டுச் சட்டம்’ என்று கொடுத்தால் வரலாறு பேசுவார். ‘சாலை ஒப்பந்த விவரம் கேட்டு நகராட்சிக்கு மனு எழுதுவது எப்படி?’ என்று கொடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு, பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு என்று பயன்படும் விஷயத்துக்கு நேராக வருவார். மாதிரி மனுவை நகலெடுத்து நாற்காலிதோறும் வைத்துவிடுங்கள். ஒன்று முக்கியம்: மனுவில் ‘ஏன் சாலை போடவில்லை?’ என்று விளக்கம் கேட்டால் நிராகரிக்க இடம் கொடுத்ததாகும். ஆவண நகல்தான் கேட்க வேண்டும். இதை அவரையே மேடையில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.